ஊற்றினால் அணைகிறது, மறுபடியும் எரிகிறது: கூலண்ட் விளக்கு

கேள்வி இதுதான்: ஆறு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கூலண்ட் டாங்கில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் அணைந்துவிடுகிறது, பத்து நாளில் மறுபடியும் எரிகிறது. வெப்பநிலை காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. சென்சார் கெட்டிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் விளக்கு அணைகிறது என்றால் சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கெட்டுப்போன சென்சாருக்கு நீங்கள் ஊற்றியதும் தெரியாது, ஊற்றாததும் தெரியாது. பெட்ரோல் எரிந்து தீரும், இன்ஜின் ஆயில்கூடச் சிறிது சிறிதாகக் குறையும். கூலண்ட் அப்படிச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய சுற்றுக்குள் அதே திரவம்தான் இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓராண்டில் ஒரு விரற்கடை இறங்கினால் ஊற்றிவிட்டு மறந்துவிடலாம். பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் எங்கேயோ வெளியே போக வழி கிடைத்திருக்கிறது. அந்த வழியைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன், எரிவது எந்த விளக்கு என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். கூலண்ட் விளக்கு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அவை இரண்டு. டாங்க் போன்ற படம், உள்ளே அலைக்கோடு, பெரும்பாலும் மஞ்சள் நிறம்: இது அளவு குறைந்ததைச் சொல்கிறது. அலைகளில் மிதக்கும் வெப்பமானி போன்ற படம், சிவப்பு நிறம்: இது இன்ஜின் சூடு எல்லை மீறியதைச் சொல்கிறது. அதே வெப்பமானி நீல நிறத்தில் எரிந்தால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று மட்டும்தான் பொருள், பயப்பட ஒன்றுமில்லை. சில கார்களில் ஒரே விளக்கு இரண்டு வேலையையும் பார்க்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அது இருக்கும். உங்களுடையது ஊற்றினால் அணைவதால் அளவு விளக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அளவு விளக்கை அலட்சியப்படுத்தினால் அடுத்து எரியப்போவது சிவப்புதான் என்பதால், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டுங்கள். "இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே" என்ற கணக்குதான் சில நூறு கிராம் கூலண்டில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை இன்ஜின் தலையைக் கழற்றுகிற வேலையாக்குகிறது. அந்தத் தலை, அதாவது அலுமினியத்தில் செய்த சிலிண்டர் ஹெட், அளவுக்கு மீறிச் சூடானால் வளையும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவுகூட அதற்கு அதிகம், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் பிடிப்பை விட்டுவிடும். உடனே நிறுத்த முடியாத இடமாக இருந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது உங்கள் முகத்தில் கொட்டும். வியர்த்தாலும் பரவாயில்லை. இதில் ஒரு பரிசோதனையும் அடங்கியிருக்கிறது: முள் உச்சத்தில் இருக்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால், அங்கே கூலண்ட் சுற்றிவரவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று தெரிந்தால்தான் கை நிற்கும். மூடியில் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு, அதாவது ஒரு பார் அழுத்தம்வரை உள்ளே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். ஆகவே உள்ளே 110 டிகிரியில் இருக்கிற திரவம் அமைதியாகத்தான் இருக்கும். நீங்கள் மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் இறங்கி, அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பீறிடும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை ஒரு துணி வைத்து அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி இல்லாமல் நெகிழ வேண்டும், அப்போதுதான் மூடியில் கை வைக்கலாம். கொதிக்கிற இன்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டவும் கூடாது, உலோகம் விரிசல் விடும்.

இப்போது உங்கள் முள்ளுக்கு வருவோம். அது நடுவில் நிற்கிறது என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. சூடு சற்றே ஏறி இறங்கினாலும் ஓட்டுநர் கலவரப்படுவார் என்று, கணிசமான ஒரு வரம்பு முழுவதிலும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். உண்மையான எண் வேண்டுமென்றால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: வெப்ப சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். கூலண்ட் மிகவும் இறங்கி, சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டும் இருந்தால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதுவாகப் படுத்திருக்கும். அதனால்தான் அளவு விளக்கை முள்ளைவிட மேலாக மதிக்கிறேன்.

சென்சாரின் மீது எனக்கு இவ்வளவு கரிசனமா என்றால், இல்லை, அதுவும் பொய் சொல்லும். டாங்கினுள் இரண்டு வகை வைப்பார்கள். ஒன்று மிதவை: காந்தம் பதித்த மிதவை ஏறி இறங்கும்போது ஒரு சிறிய சுவிட்ச் திறந்து மூடும். கசடு படிந்து மிதவை அடியில் ஒட்டிக்கொண்டால், டாங்க் நிறைந்திருந்தாலும் விளக்கு எரியும். மற்றது இரண்டு உலோகக் குச்சிகள்: கூலண்ட் வழியே மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும். குச்சிகளில் உப்புப் படிந்தால் பாய்வது தடைப்பட்டு, அதுவும் பொய்யாக எரியும். நிறைந்த டாங்கோடு விளக்கு எரிந்தால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ சுத்தம் செய்தாலே போதும். மிதவை வகை என்றால் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை முனைகளில் வைத்து, மிதவையை மேலும் கீழும் அசையுங்கள். மீட்டர் காட்டும் அளவு மாறினால் சென்சார் நல்லது, மாறாவிட்டால் போய்விட்டது.

கூலண்ட் குளிரும்போது சுருங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கீழ்க்கோட்டை ஒட்டி நிற்கிற டாங்க், குளிர்ந்த காலையில் விளக்கை எரியவிட்டு, வண்டி சூடானதும் அணைத்துவிடும். சரிவில் நிறுத்தினாலும் வளைவில் திரும்பினாலும் அப்படித்தான். இதெல்லாம் விளக்கின் குற்றமில்லை, டாங்க் விளிம்பில் இருக்கிறது என்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஏமாந்தவன் என்ற முறையில் என் கதையையும் சொல்கிறேன். என் வண்டியில் விளக்கு காலையில் மட்டும் எரியும், பத்து நிமிடத்தில் அணையும். அடியில் அட்டை விரித்து வைத்தேன், காய்ந்தே கிடந்தது. கசிவு இல்லை என்று முடிவுகட்டி சென்சாரை வாங்கி மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து அதே விளக்கு, அதே காலை. அப்புறம்தான் கூலண்ட் ஊற்றும் அந்த எக்ஸ்பான்ஷன் டாங்கைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அந்த டாங்க் இரண்டு பாதிகளாக வார்த்து உருக்கி ஒட்டப்பட்டது. உடலை ஒட்டியிருக்கும் பின்பக்கத்தில், ஒட்டு வரிசையின் மேல், ஒரு நூல் அளவுக்கு வெளிறிய இளஞ்சிவப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. குளிர்ந்திருக்கும்போது அந்த விரிசல் மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறியதும் புகை போலத் துளித்துளியாகத் தெளிக்கும், தெளித்தது சூட்டில் உடனே காய்ந்துவிடும். அட்டைக்குச் சொட்டு வந்து சேர வாய்ப்பே இல்லை.

ஆகவே அடியில் சொட்டு இல்லை என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு பொருத்திய கார்களில் சொட்டுவது அந்தத் தட்டிலேயே தேங்கி ஆவியாகிவிடும். ஈரத்தைத் தேடாமல் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். கூலண்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், ஆனால் அதிலுள்ள சாயமும் வேதிப்பொருள்களும் அங்கேயே தங்கி, வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்தது போல ஒட்டியிருக்கும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த காலை நேரத்தில், டார்ச்சும் வெள்ளைத் துணியும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஃபேனிலிருந்து கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் சூடாக இருந்தால் சில கார்களில் சாவி இல்லாமலே அது சுழலத் தொடங்கும்.

முதலில் மூடி. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ தட்டையாகியிருந்தாலோ அழுத்தம் நிற்காது, கூலண்ட் ஆவியாகவே வெளியேறும். எல்லாவற்றிலும் மலிவான பாகம் இதுதான், எல்லோரும் கடைசியில் பார்ப்பதும் இதுதான். அடுத்து ஹோஸ்கள் சேருமிடங்கள். ஒவ்வொரு கிளாம்பின் அடிப்பகுதியையும் துணியால் துடைத்து, துணியில் நிறம் ஏறுகிறதா என்று பாருங்கள். ரப்பரை அழுத்தினால் மொறுமொறுவென்று இருந்தாலோ, முனையில் உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். பிறகு ரேடியேட்டர்: அலுமினியப் பகுதியும் இரு ஓரத்துப் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்துச் சேர்த்திருக்கும் வரிசையில்தான் கசிவு அதிகம் பிடிக்கும். அதன் பிறகு வாட்டர் பம்ப். பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் கசிவது வெளியே தெரியட்டும் என்றே வைத்தது. அந்தத் துளைக்குக் கீழே நீளமாகக் காய்ந்த கறை இறங்கியிருந்தால் பம்புக்கு நாள் எண்ணப்படுகிறது. பம்பை டைமிங் பெல்ட் சுழற்றுகிற இன்ஜின் என்றால் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள், அதே இடத்தை இரண்டு முறை பிரிப்பது வீண் கூலி.

கண்ணால் பிடிபடாவிட்டால், அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். சென்சார் மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் நான் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி இதுவே: "பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா?" மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப் பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி விட்டுவிட வேண்டும். கால் மணி நேரம் அந்தப் பம்பின் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கசிவு எட்டிப் பார்க்கும், சூட்டில் காய்ந்து ஒளிந்துகொள்ளாது. மூடியையும் தனியாக அதே கருவியில் சோதிக்கலாம்.

வெளியே எங்கும் இல்லை, ஆனால் குறைகிறது என்றால் இரண்டு இடங்கள் மிச்சம். ஒன்று ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர். முன்பக்கப் பயணியின் கால்விரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பாக ஈரம், ஹீட்டரைப் போட்டால் இனிப்பு வாடை, முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. ஏசியின் தண்ணீரும் அதே விரிப்பை நனைக்கும், ஆனால் அதில் வாடையும் பிசுக்கும் இருக்காது.

மற்றது ஹெட் கேஸ்கட். பெயரைக் கேட்டாலே பலருக்கு வயிறு கலங்கும், அதனால் ஆதாரம் இல்லாமல் அதைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பி, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். அதற்குள் கல் போல் இறுகியிருந்தால் அது சூட்டின் அழுத்தமாக இருக்க முடியாது, சிலிண்டரின் வாயு உள்ளே வருகிறது. டாங்கில் ஓயாமல் குமிழி வருவதும் அதே கதை. உறுதிசெய்ய நீலத் திரவச் சோதனை உண்டு: டாங்கின் வாயின் மேல் பிடித்துவைக்கும் கண்ணாடிக் குழாயில் உள்ள திரவம், எரிந்த வாயு பட்டால் மஞ்சளாக மாறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் சில நேரம் பளிச்சென்று தெரியும், மூன்று பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல இருக்கும். அந்தச் சிலிண்டர் கூலண்ட் குடிக்கிறது. ஆனால் ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் குழம்பு படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். சின்னச் சின்னத் தூரமே ஓடுகிற வண்டிகளில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். ஆயில் அளவுக் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் மட்டுமே கவலைப்படுங்கள்.

அளவு சரியாக இருந்தும் சூடு ஏறுகிறவர்களுக்கு வேறு பாதை. நெரிசலில் நின்றால் ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டதும் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். நேர்மாறாக, வேகத்தில்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், அல்லது கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது, வண்டிக்கு ஏற்ப, பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரிக்குள் உருகி விரிந்து வழியைத் திறக்கும். கழற்றிச் சூடேறும் தண்ணீரில் போட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிலர் அதை எடுத்து எறிந்துவிட்டு இனிச் சூடாகாது என்பார்கள். சூடே ஏறாத இன்ஜின் அதிகம் பெட்ரோல் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஸ்கேனரில் பி0128 என்ற குறியீடு வந்தால் அது பெரும்பாலும் மூடாமல் சிக்கிய தெர்மோஸ்டாட்தான்.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். நடுவழியில் வீடு போய்ச் சேர என்றால் சரி. நிரந்தரத் தீர்வாக ஊற்றினால், அது ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழாய் எது என்று பார்த்து அடைக்காது.

நீங்கள் தண்ணீரே ஊற்றி வருவதால், கசிவைச் சரிசெய்ததும் முழுதாக வடித்துப் புதிதாக நிரப்புங்கள். ஊற்றிய ஒவ்வொரு முறையும் கலவை நீர்த்திருக்கிறது, துருத் தடுப்பும் அதோடு நீர்த்திருக்கிறது. குழாய்த் தண்ணீராக இருந்தால் அதன் உப்பு உள்ளே படிந்துகொண்டும் இருக்கும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் தகும், நிரப்புவதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் விருப்பம், பொதுத் தரம் எதுவும் இல்லை. கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வாத இரண்டு வகைகள் கலந்தால் ஆயுள் குறையும், சில நேரம் கூழாகவே திரளும். கலந்தே வருகிறதா, தண்ணீர் சேர்க்க வேண்டியதா என்பதையும் படியுங்கள். பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது என்று தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் உறைநிலையும் கெடும், வெப்பத்தைக் கடத்தும் திறனும் குறையும்.

நிரப்பும்போது காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் புதுக் கூலண்டோடே இன்ஜின் கொதிக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் திரவம் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றி இறுக்குங்கள். பிறகு மூடியைத் திறந்த நிலையிலேயே இன்ஜினை மெல்ல ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள், டாங்கில் குமிழிகள் வந்து உடையும், அளவு இறங்கும், ஊற்றுங்கள். கொதித்து மேலே எழும்பப் பார்த்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். குமிழி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வரத் தொடங்கியதும் மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை ஓடட்டும்.

மறுநாள் காலை அளவு சற்று இறங்கியிருந்தால் பதற வேண்டாம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் இரு கோடுகளுக்கும் நடுவே நிரப்பி, அந்த இடத்தில் டாங்கின் மேல் ஒரு சிறு டேப்பை ஒட்டிவையுங்கள். அதே காலை நேரத்தில், அதே சமதளத்தில் இரண்டு வாரம் பாருங்கள். டேப்பிலிருந்து இறங்காவிட்டால் வேலை முடிந்தது. வடித்த பழைய கூலண்டை மட்டும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் மூடிய டப்பாவில் எடுத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிப் பார்க்கும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தை அழித்துவிடும். தரையில் சிந்தியதையும் அப்போதே தண்ணீர் விட்டுத் துடைத்தெடுத்துவிடுங்கள்.